மலையா, குளமா, தேரியா? நெல்லையில் தவளை, பாம்பு, ஓணான் பார்க்கப் போவோருக்கு

நெல்லைப் பக்கம் பாம்பும் தவளையும் ஓணானும் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் மேற்கே கையைக் காட்டுவார்கள். களக்காடு முண்டந்துறை இருக்கிறது, மாஞ்சோலை இருக்கிறது, அதை விட்டுவிட்டு வேறெங்கே போவது என்பது அவர்கள் கணக்கு. இனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் இரண்டு நாள் விடுப்பும் ஒரு ஹெட் டார்ச்சும் வைத்துக்கொண்டு முதல்முறை கிளம்புகிறவருக்கு மலை சரிப்படாது. ஐப்பசியில் ஒரு குளத்துக்கரை, சித்திரையில் தேரி எனும் செம்மணல் மேடு, தை மாசியில் பொத்தை எனும் சிறு பாறைக்குன்று என்று போனால் பார்ப்பதும் அதிகம், கற்றுக்கொள்வதும் அதிகம். மலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மழையைப் பார்த்து நாளைக் குறிக்க வேண்டும்

ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப்பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, நமக்குச் சாரலும் காற்றுமாகத்தான் வந்து சேரும். குற்றாலத்திலும் பாபநாசத்திலும் தூறிக்கொண்டிருக்கும்போது பாளையங்கோட்டைக்குக் கிழக்கே புழுதிதான் பறக்கும். சமவெளியின் மழை அக்டோபர் பிற்பாதியில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. மலை உச்சிகள் மட்டும் இரண்டு மழையையும் வாங்குகின்றன.

இதிலிருந்து முதல் முடிவு தானாகவே வந்துவிடும். ஆடி ஆவணியில் தவளை பார்க்க வேண்டுமென்றால் மலையைத் தவிர வேறு வழியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மலையும் சமவெளியும் இரண்டுமே கைகொடுக்கும். பங்குனியிலிருந்து வைகாசி வரை ஓணான், அரணை, விரியன் காலம். கோடை மழை ஒன்று பெய்தால் மட்டும் தவளை எட்டிப் பார்க்கும். மாதத்தைப் பார்க்காமல் விடுமுறையைப் பார்த்துக் கிளம்புவதுதான் பலர் வெறுங்கையோடு திரும்புவதற்குக் காரணம்.

குளமும் வயக்காடும்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் எனும் நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவும் நேரமும் வடகிழக்கு மழை இறங்கும் நேரமும் ஒன்றாக வரும். காய்ந்து கிடந்த வயலில் ஒரு சாண் தண்ணீர் நிற்கும். தவளைக்கு வேண்டியது இந்தத் தண்ணீர்தான். பழைய ஆழமான குளத்தில் மீன் இருக்கும். முட்டையையும் தலைப்பிரட்டையையும் அது விட்டுவைக்காது. புதிதாகத் தேங்கிய பள்ளத்தில் மீன் கிடையாது, வெயில் பட்டுத் தண்ணீர் சூடாக இருக்கும், குஞ்சு சீக்கிரம் வளரும். அதனால் குளத்துக்குப் போனாலும் நடுத்தண்ணீரைப் பார்க்காமல், கரைக்கு வெளியே மடை ஓரத்துப் பள்ளங்கள், குளம் நிறைந்து வழியும் மறுகால் ஓடையில் தேங்கிய குட்டைகள், சாலையோரக் குழிகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

முதல் பெருமழை பெய்த இரவை விடவே கூடாது. மழை ஓய்ந்து ஒரு மணி நேரத்துக்குள் சத்தம் எழும். பெரிய வயல்தவளையின் ஆண், மற்ற நாளெல்லாம் பாசி நிறத்தில் இருப்பது, அன்று எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும். தாடைக்கு இருபுறமும் அடர்நீலப் பைகள் புடைத்துச் சுருங்கும். பத்துப் பதினைந்து ஆண்கள் ஒரே குட்டையில் ஒன்றின்மேல் ஒன்று பாயும். இந்த நிறம் நிலைக்காது. இரண்டு மூன்று நாள் தள்ளிப் போனால் வெறும் பச்சைத் தவளைகளைத்தான் பார்ப்பீர்கள்.

அதே இரவில் மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடந்தவையும் மேலே வரும். பலூன் தவளை உடம்பை ஊதிக்கொண்டு தண்ணீர்மேல் மிதந்தபடி கத்தும். கட்டைவிரல் நகத்தளவே உள்ள குறுவாய்த் தவளை புல்லடியில் உட்கார்ந்து தன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குச் சத்தம் போடும். ஒருவர் மட்டும் சத்தத்தை வைத்துத் தேடினால் கிடைக்காது, இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று சத்தம் வரும் திசையில் டார்ச்சை நீட்டினால், ஒளிகள் வெட்டும் இடத்தில் இருக்கும். மரத்தவளையின் நுரைக்கூட்டைத் தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளையிலும் தொட்டிச் சுவரிலும் பகலிலேயே பார்க்கலாம். தலைப்பிரட்டைகள் நுரை கரையும்போது நேராகத் தண்ணீரில் விழும்படியாக அது கட்டப்பட்டிருக்கும். கோடையெல்லாம் சேற்றில் புதைந்து கிடந்த பால் ஆமையும் இந்த நாட்களில் கரையேறி நடக்கும்.

தவளை இருந்தால் பாம்பு இருக்கும். தண்ணீர்ப்பாம்பு மடை வாயில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். சாரை பகலில் வரப்போரம் ஓடும். தை, மாசியில் பிசானம் அறுவடையாகும் நேரத்தில் எலியைத் தேடி நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரப்புப் பொந்துகளுக்கு வரும். அந்தப் பருவத்தில் வரப்பில் இரவு நடப்பதைவிட, காலை ஏழரை மணிக்கு மேல் கரைச்சாலையிலிருந்து பைனாகுலரில் பார்ப்பது நல்லது.

குளத்துக்கரையின் பெரிய வசதி, இரவில் நடக்கலாம் என்பது. அதற்கும் ஒழுங்கு உண்டு. குளத்தில் மீன் குத்தகை போயிருக்கும். வயலில் மோட்டார் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு நாலு பேர் லைட் அடித்துக்கொண்டு நடந்தால் ஊர்க்காரர்கள் திருடன் என்றுதான் நினைப்பார்கள், அதில் தப்பும் இல்லை. சாயங்காலமே போய் டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். “அண்ணாச்சி, தவளை போட்டோ எடுக்க வந்திருக்கோம்” என்று சொன்னால் எந்தப் பள்ளத்தில் சத்தம் அதிகம் என்று அவரே காட்டிவிடுவார்.

மழை எச்சரிக்கையை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, நெல்லை, தூத்துக்குடி இரு மாவட்டங்களிலும் குளங்கள் உடைந்தன. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருக்கும் இரவில் மறுகால் பக்கமே போகக் கூடாது.

மலை: கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன

களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அம்பாசமுத்திரம், களக்காடு என இரண்டு கோட்டங்கள். எங்கே போகலாம், எத்தனை வண்டி விடுவார்கள், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் அந்தந்தக் கோட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மாறாத ஒன்று: இரவில் காட்டுக்குள் நடக்க அனுமதி இல்லை. மலைத்தவளைகளில் பெரும்பகுதி இரவுக்குரியவை. ஆக, அங்கே மிக நல்ல இனங்கள் இருக்கும் நேரத்தில் நீங்கள் இருக்க முடியாது. மலையை முதல் தேர்வாக வைக்காததற்கு இதுதான் முதன்மைக் காரணம்.

பகலில் கிடைப்பவை குறைவு என்றாலும் அருமையானவை. நிழலான ஓடைப்பாறைகளில் நடனத் தவளைகள் உண்டு. இவை பகலில் இயங்குபவை. ஓடை இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் ஆண் பின்னங்காலை நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்துக் காட்டி மடக்கும். ஐந்து மீட்டர் தள்ளி ஒரு பாறையில் இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால்தான் பார்க்கலாம். நடந்துகொண்டே தேடினால் ஒன்றும் தெரியாது. பாறை இடுக்குகளில் பகல் பல்லிகள் இருக்கும். சாரல் காலத்தில் மலபார்க் குழிவிரியன் ஓடைக்கு ஓரக் கிளையிலோ ஈரப்பாறையிலோ ஒரே இடத்தில் நாள்கணக்கில் கிடக்கும். பச்சை, பழுப்பு, மஞ்சள் என நிறம் ஆளுக்கொன்றாக இருப்பதால், நிறத்தை நம்பாமல் முக்கோணத் தலையையும் சுருண்டு கிடக்கும் வாகையும் பாருங்கள். கையை ஊன்றும் முன் அந்த இடத்தைப் பார்ப்பது மலையில் பழக்கமாகவே ஆகிவிட வேண்டும்.

புதர்த்தவளைகளின் குரலை, வனத்துறை விடுதியில் தங்க அனுமதி கிடைத்தால், திண்ணையில் உட்கார்ந்தே கேட்கலாம். அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகி வெளியே வரும். அதனால் குளம் குட்டை இல்லாத சரிவிலும் வாழ முடிகிறது. 1927இல் விவரிக்கப்பட்டு, களக்காட்டின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கியிருக்கும் சறுக்குத் தவளையும் இந்த மலைக்குரியது. அதைத் தேடித் தனியாகப் போவது நடக்காத காரியம். ஆய்வு அனுமதி உள்ளவர்களோடு சேர்ந்தால் உண்டு.

“காட்டுக்குள் வேண்டாம், அடிவாரத் தோட்டங்களில் ராத்திரி நடக்கலாமே” என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். வேண்டாம். கடையம், பாபநாசம், களக்காடு அடிவாரங்களில் கரடி இறங்கும், யானை இறங்கும். அதைவிட ஆபத்து, பன்றிக்காகச் சில தோட்டங்களில் திருட்டுத்தனமாக இழுத்திருக்கும் மின்கம்பி. டார்ச் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. இங்கே பேசும் இடங்களில் உறுதியாகத் தள்ள வேண்டியது இது ஒன்றுதான்.

குற்றால சீசனும் சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசையும் கூட்டம் அலைமோதும் நாட்கள். அந்த வாரங்களில் ஓடை ஓரத்தில் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

தேரி

இட்டமொழியிலிருந்து சாத்தான்குளம், குதிரைமொழி வரை நீளும் செம்மணல் மேடுகளைக் கோடையில் யாரும் நினைப்பதில்லை. பங்குனி முதல் வைகாசி வரை அதுதான் முதல் தேர்வு. காலை ஏழிலிருந்து ஒன்பதரைக்குள் விசிறித்தொண்டை ஓணானின் ஆண் ஒரு கல்லிலோ காய்ந்த சுள்ளியிலோ ஏறி நின்று தொண்டைச் சவ்வை விரித்து மூடும். இந்த வகையில் ஒன்றை 2016இல் தென் தமிழகத்திலிருந்து தனி இனமாக விவரித்து, சித்தானா மருதம்நெய்தல் என்று திணைப்பெயர்களையே வைத்தார்கள். பத்து மணிக்கு மேல் மணல் கொதிக்கும். எல்லாம் உடை என்ற முள்மரத்தின் நிழலுக்குள் போய்விடும், நீங்களும் போய்விட வேண்டும்.

தேரியில் விலங்கைவிடத் தடத்தைத்தான் முதலில் தேட வேண்டும். விடிந்து வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் இருக்கும். ஓணான் போன இடத்தில் நடுவே வால் கோடும் இருபுறம் கால் புள்ளிகளும். அரணைக்குக் கோடு தடிப்பாக இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டாமல், சாய்வாக, இணையாக விழுந்த கோடுகள் இருந்தால் சுருட்டை விரியன் பக்கவாட்டில் போயிருக்கிறது. கோடுகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் இரவில் போனது; மணல் சரிந்து மழுங்கியிருந்தால் பழையது. அந்தக் கோடு போய்ச் சேரும் புதரில் கை வைக்காதீர்கள். சுமார் ஒரு அடி நீளமே உள்ள பாம்பு அது; மிரண்டால் உடம்பைச் சுருட்டிச் செதில்களை உரசி ரம்பம் இழுப்பது போலச் சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம் கேட்டால் நின்ற இடத்தில் நின்று, எங்கே என்று பார்த்துவிட்டுப் பின்வாங்க வேண்டும்.

பனங்காட்டில் காவோலைக் குவியலைக் காலால் கிளறாதீர்கள். நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு, பச்சோந்தி மூன்றும் இப்பகுதி முட்காடுகளில் உண்டு. பச்சோந்தியைப் பகலில் தேடி அலைவதைவிட, இருட்டியபின் முட்செடி நுனிகளில் டார்ச் அடிப்பது எளிது. தூங்கும்போது அதன் நிறம் வெளுத்துவிடும். இலைக்கு நடுவே அது மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

ஆனி, ஆடியில் தேரிக்குப் போகாதீர்கள். காற்று தடத்தை அழித்துவிடும், மணல் கேமரா லென்ஸுக்குள் போய்விடும்.

பொத்தை

நாங்குநேரி, வள்ளியூர், ஆலங்குளம் பக்கம் ஊருக்கு ஒரு பொத்தை இருக்கும். பாறை ஓணானுக்கு அதுபோதும். ஆண் இணைசேரும் காலத்தில் முதுகு சிவந்து விலாப்புறம் கறுத்திருக்கும். போட்டி ஆண் வந்தால் சில நிமிடங்களில் நிறம் மாறும். உச்சியில் நிற்கும் ஆணைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், நிழல் அதன்மேல் விழக் கூடாது. அரை நாள் போதும். குழந்தைகளை அழைத்துப் போக இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

தேடும் முறையில் எது?

டார்ச் அடித்து நடப்பது, கல்லைப் புரட்டிப் பார்ப்பது, இரவுச் சாலையில் மெதுவாக வண்டி ஓட்டுவது என்று மூன்று முறைகள் உண்டு. தொடங்குகிறவருக்கு முதலாவது போதும். டார்ச்சைக் கையில் பிடிக்காமல் நெற்றியில் கட்டுவதற்குக் காரணம் கை காலியாக இருப்பது மட்டுமல்ல. ஒளி கண்மட்டத்திலிருந்து போனால்தான் தவளைக் கண்ணில் பட்டுத் திரும்பும் மினுக்கம் உங்கள் கண்ணுக்கு வரும். புல்லில் பொடிப் பொடியாக மினுங்குபவை சிலந்திகள். பாம்பின் கண் அப்படி மினுங்காது, அதை உருவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 200 முதல் 300 லூமன் போதும். மாற்று பேட்டரி கட்டாயம். முழங்கால் வரை கம்பூட்ஸ் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அரைக் கிலோமீட்டர் நடந்தால் சரியான வேகம்.

கல் புரட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கல்லுக்கு அடியில் உள்ள ஈரமும் குளிர்ச்சியும் சேர மாதங்கள் ஆகும்; நூறு பேர் புரட்டிய பொத்தையில் ஒன்றும் தங்காது. புரட்டியே ஆக வேண்டுமென்றால் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்குங்கள். உள்ளே தேளோ பாம்போ இருந்தால் அதற்கும் உங்களுக்கும் நடுவே கல் இருக்கும். பார்த்தபின் முதலில் கல்லைப் பழைய தடத்திலேயே வைத்துவிட்டு, உயிரினம் தானாக ஓரத்தில் நுழைய விடுங்கள். அதன்மேல் கல்லை வைத்தால் நசுங்கும்.

சாலை முறை மழைக்குப் பிந்தைய இரவுகளில் நன்றாகப் பலன் தரும். வெயில் வாங்கிய தார் வெதுவெதுப்பாக இருப்பதால் பாம்பு வந்து கிடக்கும். ஊர்ச்சாலையில் மட்டும், 20 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வண்டி வராதபோது மட்டும். நான்குவழிச் சாலையில் வேண்டவே வேண்டாம்.

தவளையைத் தொடாதீர்கள், கொசு மருந்து பூசிய கையால் தொட்டால் தோல் வழியாக அதற்குள் போகும். ஒரு குளத்துச் சேற்றை இன்னொரு குளத்துக்கோ மலைக்கோ பூட்ஸில் கொண்டுபோகாதீர்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை அப்படியும் பரவும். பிரஷ் போட்டுக் கழுவி முழுதாகக் காயவையுங்கள். பாம்பைப் பிடிப்பது, ஆமையை வீட்டுக்குக் கொண்டுபோவது இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கடி பட்டால்

எல்லாப் பாம்புக்கும் இரண்டு மீட்டர், நல்ல பாம்புக்கும் விரியன்களுக்கும் மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். கட்டுவிரியனையும் விஷமில்லாத ஓநாய்ப் பாம்பையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கும். கட்டுவிரியனுக்கு வெள்ளைக் கோடுகள் கழுத்தைத் தாண்டித்தான் தொடங்கும், பெரும்பாலும் இரட்டை இரட்டையாக இருக்கும். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்திலேயே அகலமாகத் தொடங்கும். சந்தேகம் வந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது.

கடிபட்ட காலை அசைக்காமல், கயிறு கட்டாமல், கீறாமல் 108ஐ அழைத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் உரியது. மலைக் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது. மலையைத் தள்ளி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அங்கே கடிபட்டால் ஆஸ்பத்திரியும் தூரம், சரியான மருந்தும் இல்லை.

பதிவு

தேதி, நேரம், மழை பெய்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, தண்ணீர் ஆழம், கேட்ட குரல் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குரலை போனிலேயே அரை நிமிடம் பதியலாம், தவளையை அடையாளம் காணப் படத்தைவிடக் குரல் நன்றாக உதவும். ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றும்போது நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு, குழிவிரியன் ஆகியவற்றின் இடத்தை மறைத்துவிடுங்கள். போன் படத்திலும் இடக்குறிப்பை அணைத்திருக்க வேண்டும். ஆமையையும் மண்ணுளியையும் பிடித்து விற்கிறவர்களும் அதே படங்களைப் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஊர்ப்பெயரோடு போடாதீர்கள், மாவட்டப் பெயர் போதும்.